ஒரு கிளையில் மட்டும் பழைய வரி: பல கிளைச் செட்டிங்ஸ் திரையில் வரும் பிழைகளும் நீக்கும் வழிகளும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற வழியில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். பேச்சு மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறையில் கடைத்தெருவில் நின்றால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். ஆனால் பில் மாறிவிடும். ஜிஎஸ்டி எண் 33க்குப் பதில் 32இல் தொடங்கும், பில்லின் அடியில் மலையாளத்தில் ஒரு வரி வரும், ஓணத்துக்குக் கடை நேரம் நீளும். எல்லைக்கு இரண்டு பக்கமும் கிளை வைத்திருக்கும் பேக்கரி, ஜவுளி, மருந்துக் கடைக்காரர்களின் பில்லிங் சாப்ட்வேரில் செட்டிங்ஸ் திரையை வடிவமைப்பது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். திரை வரைவதும் நான்தான், அதில் சிக்கல் என்றால் வருகிற போனை எடுப்பதும் நான்தான்.

போனில் யாரும் "இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று திரை காட்டவில்லை" என்று சொல்லமாட்டார்கள். "பில் தப்பா வருதுங்க" என்பார்கள். கிட்டத்தட்ட எப்போதும் இரண்டும் ஒன்றுதான். அதனால் அவர்கள் சொல்லும் அறிகுறியை வைத்தே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், அஸ்திவாரத்தைத் தோண்டவேண்டிய காரணம் கடைசியில் வரும்.

உங்கள் சாப்ட்வேரிலும் வரி, கடை நேரம் போன்ற மதிப்புகள் நிறுவனம், மாநிலம், கிளை, கவுண்டர் என்று மேலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்கிறேன். கீழே யாரும் எதுவும் போடாவிட்டால் மேலே உள்ளது செல்லும். போட்டிருந்தால் கீழே போட்டது செல்லும்.

## அறிகுறி 1: தலைமை அலுவலகத்தில் மாற்றியாச்சு, ஒரு கிளையில் மட்டும் பழையதே வருகிறது

எனக்கு வருகிற போன்களில் பாதி இதுதான்.

### அந்தக் கிளைக்கு மாற்றம் போய்ச் சேர்ந்ததா?

முதலில் இதைக் கேளுங்கள், காசு செலவில்லை. கவுண்டர் கம்ப்யூட்டரைக் காலையில் இன்னும் ஆன் செய்யாமல் இருக்கலாம், நெட் போயிருக்கலாம், சாப்ட்வேரை மூடித் திறக்காமல் நேற்றிலிருந்து அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம். கிளையில் ஒருவரை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

அதில் சரியாகிவிட்டால், கோளாறு கிளையில் இல்லை, தலைமை அலுவலகத் திரையில் இருக்கிறது. அங்கே "சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் காட்டியிருப்பீர்கள். அதைப் பார்த்தவர் எல்லாக் கடைக்கும் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். சேமித்தது வேறு, சேர்ந்தது வேறு. அந்தப் பச்சை வரியை எடுத்துவிட்டு, "41 கிளைகளில் 38 பெற்றுக்கொண்டன" என்று போடுங்கள். மீதி மூன்றின் பெயரும், அவை கடைசியாகத் தொடர்பில் இருந்த நேரமும் அதற்குக் கீழேயே இருக்கட்டும். இன்னொரு பக்கத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னால் யாரும் போகமாட்டார்கள்.

### சேர்ந்துவிட்டது, ஆனாலும் பழையதுதான்

கீழிருந்து மேலே ஏறுங்கள். கவுண்டருக்கென்று தனியாக ஏதாவது போட்டிருக்கிறதா? இல்லையென்றால் கிளைக்கு? அதுவும் இல்லையென்றால் மாநிலத்துக்கு? எங்கே சொந்த மதிப்பு கிடைக்கிறதோ அங்கே நிறுத்துங்கள், அதுதான் பில்லில் வருகிறது.

இந்த நான்கு படியையும் ஒரே பக்கத்தில் பார்க்க முடியாமல் நான்கு மெனுவுக்குள் போய் வந்தீர்களா? அப்படியானால் திருத்தவேண்டியது இதைத்தான். ஒவ்வொரு மதிப்புக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போதும்: "மாநிலத்திலிருந்து (கேரளம்)" அல்லது "இந்தக் கிளையின் சொந்த மதிப்பு. மேலே உள்ளது: 5". பக்கத்தில் "மேலே உள்ளதற்குத் திரும்பு" என்று ஒரு பட்டன். நிறத்தை மட்டும் மாற்றி வித்தியாசம் காட்டாதீர்கள். கடை கம்ப்யூட்டர்களின் பழைய மானிட்டரில் இளநீலமும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும்.

### யாருமே போடாத சொந்த மதிப்பு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே செய்த தவறு இது.

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, நவராத்திரி முதல் நாள். ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிய நாள். கேக்கும் பிஸ்கட்டும் 18 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன, பாக்கெட் மிக்சர் 12இலிருந்து 5க்கு வந்தது. ஒரு பேக்கரியின் தலைமை அலுவலகத்தில் முந்தின நாள் ராத்திரியே எல்லாவற்றையும் மாற்றிவைத்துவிட்டுத்தான் தூங்கப் போனார்கள். காலை ஏழரைக்கு எல்லைக்கு அந்தப் பக்கக் கிளையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, நம்ம கடையில மட்டும் கேக்குக்குப் பதினெட்டே போடுதுங்க. பக்கத்துல அஞ்சு போட்டுட்டாங்கன்னு வர்றவங்கெல்லாம் சத்தம் போடறாங்க."

"நீங்க ஏதாவது வரியைத் தனியா மாத்துனீங்களா?"

"சாமி சத்தியமா நான் வரிப்பக்கமே போனதில்லீங்ணா."

அவர் சொன்னது உண்மை. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று சாப்ட்வேர் எழுதிவைக்கும் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஜூன் மாதத்தில் ஒருநாள் கடையின் போன் நம்பரை மாற்றிவிட்டுச் "சேமி" அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் என் திரை, அவர் தொட்ட ஒரு கட்டத்தை மட்டும் எழுதாமல், பக்கத்தில் இருந்த 63 கட்டங்களையும் அந்தக் கிளையின் சொந்த மதிப்பாக எழுதிவைத்துவிட்டது. அன்றைக்கு மேலேயும் 18, கீழேயும் 18, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மேலே 5 ஆனபோது, கீழே அந்த 18 அசையாமல் நின்றது.

சோதனை எளிது, இன்றைக்கே செய்து பாருங்கள். ஒரு சோதனைக் கிளையைத் திறந்து போன் நம்பரை மட்டும் மாற்றிச் சேமியுங்கள். மாற்றப் பதிவில் ஒரு வரி விழுந்தால் நல்லது. ஒன்றுக்கு மேல் விழுந்தால் உங்களிடமும் இந்தப் பிழை இருக்கிறது, எந்தக் கிளை எப்போது மாட்டும் என்று மட்டும்தான் இன்னும் தெரியாது.

திருத்தத்தில் இரண்டு வேலை. இனிமேல் தொட்ட கட்டம் மட்டும் சேமிக்கப்படவேண்டும், இது ஒரு நாள் வேலை. ஏற்கெனவே தெரியாமல் விழுந்த சொந்த மதிப்புகளைக் கழிப்பதுதான் கஷ்டம். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒன்றாக இருந்தால் கீழே உள்ளதை அழித்துவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். சில மேனேஜர்கள் "மேலே என்ன மாறினாலும் எனக்கு இது மாறக்கூடாது" என்று வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டியலை அச்சடித்து அனுப்பி, வேண்டியதை டிக் அடித்துத் திருப்பி அனுப்பச் சொன்னோம். இரண்டு வாரம் ஆனது. குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

### ஒரே கிளை இரண்டு குழுவில்

"கேரளக் கிளைகள்" என்று ஒரு குழு, "பஸ் ஸ்டாண்ட் கடைகள்" என்று ஒரு குழு. பாலக்காடு பஸ் ஸ்டாண்ட் கடை இரண்டிலும் இருக்கிறது. கடை மூடும் நேரம் ஒன்றில் 9:30, மற்றதில் 11. எது செல்லும்? உங்கள் புரோகிராமருக்கே தான் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்துத்தான் சொல்லத் தெரியும் என்றால், கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மதிப்பு ஒரே வழியாகத்தான் இறங்கவேண்டும், அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாநிலம், கிளை, கவுண்டர் என்ற மரத்தில் மட்டும் மதிப்புகள் தங்கட்டும். "பஸ் ஸ்டாண்ட் கடைகள்" போன்ற குழுக்கள் கிளைகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படட்டும், அவற்றுக்கென்று மதிப்பு வேண்டாம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: குழுக்களில் ஏற்கெனவே மதிப்புகள் தங்கிவிட்டால், அதைப் பிரிப்பது திரை வடிவமைப்பவரின் வேலை இல்லை. டேட்டாபேஸ் அனுபவம் உள்ளவர் உட்கார்ந்து, எல்லாக் கிளைகளின் இன்றைய மதிப்பையும் முதலில் நகல் எடுத்துவிட்டு, மாற்றியபின் ஒவ்வொன்றும் அதேதானா என்று ஒப்பிடவேண்டும். தவறான வரியில் பில்கள் போயிருந்தால் அன்றைக்கே ஆடிட்டரிடம் சொல்லுங்கள். வரி என்று வாடிக்கையாளரிடம் வாங்கிய தொகையைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள முடியாது, அரசுக்குக் கட்டியாக வேண்டும்.

## அறிகுறி 2: ஒரு கிளைக்கு மட்டும் மாற்றினேன், எல்லாவற்றிலும் மாறிவிட்டது

முதலில் பரவலை நிறுத்துங்கள். மாற்றப் பதிவில் அந்த மாற்றத்தைத் திறந்து "திரும்பப் பெறு" கொடுங்கள். அப்படி ஒரு பட்டன் உங்கள் திரையில் இல்லையென்றால், வேறு எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் அதைக் கட்டுங்கள்.

பிறகு காரணம். பெரும்பாலும் திரையின் மேல்மூலையில் "எல்லாக் கிளைகளும்" என்று ஒரு பட்டி இருக்கும். மாற்றுகிறவர் கீழே இருக்கும் கட்டத்தைத்தான் பார்ப்பார். பக்கம் நீளமாக இருந்தால் அந்தப் பட்டி மேலே ஓடி மறைந்தேபோகும். யார் மீது மாற்றம் விழும் என்பதை பட்டனிலேயே எழுதுங்கள். "சேமி" என்று இருந்தது "41 கிளைகளில் மாற்று" என்று ஆனால், ஒரு கடையை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தவரின் விரல் அங்கேயே நின்றுவிடும். "நிச்சயமாகவா?" என்று கேட்கும் பெட்டி உதவாது. ஒரு நாளில் இருபது முறை அதற்கு ஆம் சொல்லிப் பழகியவர் இருபத்தோராவது முறையும் ஆம் சொல்லிவிடுவார்.

அதில் சரியாகாவிட்டால், முந்தின தடவை தேர்ந்தெடுத்த கிளைகளைத் திரை நினைவில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நேற்று மொத்தமாக ஒரு வேலை செய்துவிட்டு, இன்றைக்கு அதே பக்கத்துக்கு வந்தால் நேற்றைய டிக்குகள் அப்படியே இருக்கும். வசதிக்காகச் செய்ததுதான், ஆனால் செட்டிங்ஸில் அது ஆபத்து. தேர்வு ஒவ்வொரு முறையும் காலியாகத் தொடங்கட்டும்.

இன்னொன்று விலைப்பட்டியல். கிளை தன் விலையை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு பொதுப்பட்டியலையே திறந்து திருத்திவிடும். "இந்தப் பட்டியலை 17 கிளைகள் பயன்படுத்துகின்றன" என்று பட்டியலின் தலையில் எழுதி, "என் கிளைக்கு மட்டும் மாற்று" என்று தனி வழி வையுங்கள். பட்டியலைத் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும் என்று கடைக்காரர் கேட்டால், அது பெரிய வேலை. ஸ்டாக் கணக்கும் அதோடு சேர்ந்து வரும் என்பதால் புரோகிராமரிடம் மதிப்பீடு வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி 3: வேறு கிளைக்குப் போட்டது இங்கே வந்திருக்கிறது

பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சித்தூர் இருக்கிறது. ஆந்திரத்தில் ஒரு சித்தூர் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. பொள்ளாச்சியில் தொடங்கி, வேலூர்ப் பக்கம் சம்பந்தம் செய்த வகையில் அங்கேயும் கடை போட்ட குடும்பத்தின் கிளைப்பட்டியலில் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன.

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடம். கேரளத்தில் அன்றைக்குக் கடைத்தெருவில் ஓடும் ஓட்டத்துக்கு உத்ராடப் பாச்சில் என்றே பெயர். நேந்திரங்காய் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் கிலோ கணக்கில் போகும். ஆந்திரச் சித்தூர்க் கிளையில் ஆள் இல்லை, ஒன்பது மணிக்கு மூடிவிடலாம் என்று அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் பட்டியலைத் திறந்து, சித்தூர் என்று இருந்ததை அழுத்தி, மூடும் நேரம் 9 என்று போட்டார்கள். ஒன்பது மணிக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் மூன்று கவுண்டரும் பில் போட மறுத்தன. கடைக்குள் கூட்டம் நிற்கிறது. சிப்ஸை எடை போட்டுக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் காத்திருக்கிறார்கள். மேனேஜர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துத்தான் அன்றைக்குச் சமாளித்தார். நான் அந்தப் போனை எடுத்தபோது மணி 9:20.

### பெயர் ஒன்றாக இருக்கிறதா?

பட்டியலைத் தேடிப் பாருங்கள். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக் கிளைக்குப் பெயர் வைக்காதீர்கள். "சித்தூர், பாலக்காடு, 678101" என்றும் "சித்தூர், ஆந்திரம், 517001" என்றும் வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தேடும் பெட்டியில் "சித்தூர்" என்று அடித்தால் இரண்டும் வரவேண்டும், மாநிலம் தடித்த எழுத்தில் தெரியவேண்டும்.

### பெயர் வேறுதான், ஆனாலும் மாறிவிட்டது

மாற்றும் பக்கத்துக்குள் நுழைந்தபின் எந்தக் கிளையில் இருக்கிறோம் என்பது கண்ணில் படுகிறதா? கிளைப்பெயர் திரையில் எப்போதும் நிற்கட்டும், உருட்டினாலும் மறையக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு கிளையை இரண்டு பிரவுசர் டேபில் திறந்துவைத்து வேலை செய்பவர்கள் நிறைய. டேபின் தலைப்பில் சாப்ட்வேரின் பெயர் இருந்தால் பயனில்லை, கிளையின் பெயர் முதலில் வரவேண்டும். ஒரு டேபில் கிளையை மாற்றினால் இன்னொரு டேபும் சத்தமில்லாமல் அந்தக் கிளைக்கு மாறுகிறதா என்றும் சோதியுங்கள். மாறினால் அது புரோகிராமர் திருத்தவேண்டிய பிழை, லேபிள் வேலையால் தீராது.

பின்கோடு சொன்னதால் ஒரு எச்சரிக்கை. பின்கோட்டிலிருந்து மாநிலத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை வரிக்குப் பயன்படுத்தாதீர்கள். மாஹேயின் பின்கோடு கேரளத்தைப் போலவே 67இல் தொடங்கும், ஆனால் அது புதுச்சேரி. அங்கே ஜிஎஸ்டி எண் 34இல் தொடங்கவேண்டும்.

## அறிகுறி 4: மொத்தமாகத் திருத்தினேன், சில கடைகளின் மதிப்பு காணாமல் போனது

பத்துக் கிளையைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் பக்கத்தைத் திறக்கிறார்கள். பத்திலும் ஒரே மதிப்பு இருந்தால் கட்டத்தில் அது தெரியும். வெவ்வேறாக இருந்தால்? பல திரைகள் கட்டத்தைக் காலியாகக் காட்டும். அந்தக் காலி "இங்கே பல மதிப்புகள் இருக்கின்றன" என்று சொல்கிறதா, "எதுவும் இல்லை" என்று சொல்கிறதா என்பது சாப்ட்வேருக்கே தெரியாமல் போனால், சேமிக்கும்போது பத்துக் கடையிலும் காலியை எழுதிவிடும்.

முதல் சோதனை: காலியாகத் தெரியும் ஒரு கட்டத்தைத் தொடாமல், வேறொன்றை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். தொடாதது மாறியிருந்தால் அறிகுறி 1இல் சொன்ன அதே "எல்லாவற்றையும் எழுதும்" பிழைதான், திருத்தமும் அதேதான்.

தொடாதது மாறவில்லை, ஆனாலும் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றால் வார்த்தையை மாற்றுங்கள். காலிக்குப் பதில் "4 விதமான மதிப்புகள்" என்று காட்டுங்கள். அதை அழுத்தினால் எந்தக் கடையில் எது என்று விரியட்டும். கட்டத்துக்கு முன்னால் ஒரு டிக் பெட்டி இருந்து, டிக் போட்டால்தான் எழுதமுடியும் என்று வைத்தால் இன்னும் நல்லது.

சேமிப்பதற்கு முன் ஒரு முன்னோட்டம் கட்டாயம்: கிளை, இப்போது உள்ளது, இனி வருவது, இந்த மூன்று பத்தி போதும். மாறாத கிளைகளை அதில் காட்டாதீர்கள். மாறுகிற மூன்று கடை, மாறாத முப்பத்தெட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

## அறிகுறி 5: புதுக் கிளை திறந்தோம், பழைய கிளையின் விவரம் பில்லில் வருகிறது

புதுக் கடை என்றால் எல்லோரும் நன்றாக ஓடும் ஒரு கடையின் செட்டிங்ஸை "நகல் எடு" என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். அது தவறில்லை. ஆனால் நகலில் எதெல்லாம் வந்தது என்று பாருங்கள்.

உடனே பார்க்கவேண்டியது யுபிஐ க்யூஆர். ஒரு கிளை திறப்புவிழா அன்று காலையிலிருந்து வியாபாரம் ஜோராக நடந்தது. வாடிக்கையாளர் போனில் "பணம் சென்றது" என்று வருகிறது, கடையின் ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. பணம் முழுக்க நகல் எடுத்த பழைய கிளையின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கல்லாவில் இருந்தவர், இவ்வளவு பணம் யாரிடமிருந்து வருகிறது என்று புரியாமல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டபிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரே முதலாளியின் இரண்டு கணக்கு என்பதால் பணம் பத்திரம். பங்குதாரர்கள் வேறு வேறாக இருந்திருந்தால் அது சண்டையில் போய் முடிந்திருக்கும்.

அடுத்தது ஜிஎஸ்டி எண். மாநிலம் மாறினால் எண் மாறும்: தமிழ்நாடு 33, கேரளம் 32, ஆந்திரம் 37. கிளையின் மாநிலமும் எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் பொருந்தாவிட்டால் கடையைத் திறக்கவே திரை விடக்கூடாது. இது இரண்டு வரி சோதனை, இதைப் போடாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

பிறகு எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண். 14 இலக்கம், ஒவ்வொரு இடத்துக்கும் தனி. 2022 ஜனவரி 1 முதல் உணவுக் கடைகளின் பில்லில் அது இருக்கவேண்டும். பழைய கடையின் எண்ணோடு பில் போனால், சோதனைக்கு வருகிற அதிகாரிக்கு விளக்கம் சொல்ல முடியாது.

பில் எண்ணின் முன்னொட்டும் நகலில் வந்துவிடும். ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இரண்டு கிளை ஒரே முன்னொட்டோடு ஓடினால் ஒரே எண்ணில் இரண்டு பில் பிறக்கும், நிதியாண்டுக்குள் அப்படி வரக்கூடாது. நீளமும் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. கிளைக்கு மூன்று எழுத்து, ஒரு சாய்கோடு, 25-26 என்று நிதியாண்டு, இன்னொரு சாய்கோடு, ஆறு இலக்க வரிசை எண்: எண்ணிப் பாருங்கள், சரியாகப் பதினாறு. கிளைக்கு நான்கு எழுத்து வைக்கலாம் என்று யாராவது ஆசைப்பட்டால் வரிசை எண்ணில் ஒன்றைக் குறைக்கவேண்டிவரும்.

திரையில் செய்யவேண்டியது: கடையின் அடையாளமாக இருக்கும் கட்டங்கள் நகலில் வராமல் காலியாக, சிவப்பாக நிற்கட்டும். அவை நிரம்பாமல் முதல் பில் வராது. "நகல்" என்ற சொல்லையும் விளக்கிவிடுங்கள். சிலர் பழைய கடையில் மாற்றினால் புதுக்கடையிலும் மாறும் என்று நினைப்பார்கள். "இன்றைய மதிப்புகள் மட்டும் எடுக்கப்படும், பிறகு தொடர்பு இருக்காது" என்று ஒரு வரி போதும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தவறான ஜிஎஸ்டி எண்ணிலோ இரட்டை எண்ணிலோ ஒரு பில் போயிருந்தாலும், சாப்ட்வேரில் எதையும் அழிக்காமல் ஆடிட்டரைக் கூப்பிடுங்கள். போன பில்லைச் செட்டிங்ஸில் சரிசெய்ய முயன்றால் சிக்கல் இரட்டிப்பாகும்.

## அறிகுறி 6: முடியவேண்டியது முடியவில்லை

2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை கேரளத்தில் வெள்ள செஸ் என்று ஒரு கூடுதல் வரி இருந்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு மறுகட்டுமானத்துக்காகப் போட்டது. 12, 18, 28 அடுக்குப் பொருள்களுக்கு ஒரு சதவீதம். ஆகஸ்ட் முதல் தேதி காலை என் வாடிக்கையாளர்களில் ஒருவரின் கேரளக் கிளைகளில் செஸ் நின்றுவிட்டது, ஒரே ஒரு கடையில் மட்டும் நிற்கவில்லை.

கடிகாரத்தை முதலில் பாருங்கள். அந்தக் கடையில் அதுதான். கம்ப்யூட்டரின் தேதி பல மாதம் பின்னால் நின்றது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்துபோனால், ராத்திரி மெயின் சுவிட்சை அணைக்கும் கடைகளில் ஒவ்வொரு காலையும் தேதி பின்னால் ஓடும். செல் மாற்றியதும் சரியானது. அதற்குப் பிறகு, கவுண்டரின் தேதி சர்வர் தேதியிலிருந்து விலகினால் தலைமை அலுவலகத்துக்குத் தெரியும்படி வைத்தோம்.

கடிகாரம் சரியென்றால், அந்த மதிப்புக்கு முடியும் தேதி போட இடமே இருந்ததா என்று பாருங்கள். தொடங்கும் தேதியை மட்டும் கேட்கும் திரைகள் ஏராளம். வரி, சலுகை, பண்டிகை நேரம் மூன்றுக்கும் இரண்டு தேதியும் கேளுங்கள். முடிந்தபின் எந்த மதிப்புக்குத் திரும்பும் என்பதையும் அங்கேயே எழுதிக் காட்டுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை முதல் மறுபடி 9:30".

கிளையின் சொந்த மதிப்பாகப் போட்டது மாநிலத்தின் முடிவுத்தேதிக்குக் கட்டுப்படுமா? இதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். சட்டத்தால் வரும் மதிப்புகளைக் கிளை மாற்றவே முடியாதபடி பூட்டிவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் பூட்டு ஏன் என்பதை எழுதுங்கள். காரணம் தெரியாத பூட்டை எல்லோரும் சாப்ட்வேர் கோளாறு என்றுதான் போனில் சொல்வார்கள்.

## அறிகுறி 7: பில்லின் அடியில் மலையாளமோ தமிழோ கேள்விக்குறியாக வருகிறது

இது செட்டிங்ஸ் சிக்கல் மாதிரித் தெரியும், பெரும்பாலும் பிரிண்டர்தான். அநேகத் தெர்மல் பிரிண்டர்களுக்குள் நம் எழுத்துகள் இல்லை. வரியைப் படமாக மாற்றி அனுப்பினால் வரும். தாளின் அகலம் 58 மில்லிமீட்டரா 80 மில்லிமீட்டரா என்பதைக் கவுண்டர் அளவில் வையுங்கள், கிளை அளவில் வைக்காதீர்கள். ஒரே கடையில் இரண்டும் இருக்கும். செட்டிங்ஸ் பக்கத்திலேயே "ஒரு பில் அச்சடித்துப் பார்" என்று பட்டன் வைத்தால், இந்தப் போன் உங்களுக்கு வராது.

## அறிகுறி 8: யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை

மாற்றப் பதிவு இருக்கிறதா, அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "கிளைச் செட்டிங்ஸ் மாற்றப்பட்டது" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. யார், எந்தக் கிளை, எந்தக் கட்டம், முன்பு என்ன, இப்போது என்ன, எப்போது: இந்த ஆறும் வேண்டும். அது தனி மெனுவில் மட்டும் இருந்தால் போதாது, கட்டத்தின் பக்கத்திலேயே "கடைசியாக மாறியது: ஜூன் 14" என்று இருந்து, அழுத்தினால் திறக்கவேண்டும்.

பதிவு இருந்தும் எல்லா வரியிலும் "அட்மின்" என்றே வந்தால், கடையில் நான்கு பேர் ஒரே பாஸ்வேர்டில் வேலை செய்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில், கூட்டம் நிற்கும்போது, நீளமான பாஸ்வேர்டை யாரும் அடிக்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரு நான்கு இலக்க ரகசிய எண் கொடுங்கள், செட்டிங்ஸுக்குள் நுழையும்போது மட்டும் அதைக் கேளுங்கள்.

பதிவே இல்லாமல் மதிப்பு தொலைந்துபோயிருந்தால் பேக்கப்பிலிருந்து எடுக்கவேண்டும், அதற்கு டேட்டாபேஸ் ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் ஒரு வேலை இருக்கிறது. தொலைந்த மதிப்பு கடையில் இருக்கும் பழைய பில் நகல்களில் இருக்கும். தெர்மல் தாள் சூட்டில் கறுத்தோ வெளுத்தோ போய்விடும், அதுவும் பேக்கரி அடுப்புப் பக்கம் வைத்திருந்தால் சீக்கிரமே. அன்றைக்கே அவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.